களியக்காவிளையும் கொரியாவும்

காதல் நாடகம் பார்ப்பது காரியமுள்ள மனிதருக்கு அழகாகுமா என்று நமது நண்பர்களில் சிலர் நம்மைக் கேட்டதுண்டு. அதிலும் கொரியா தேசத்துக் காதல் நாடகம் என்றால் அவர்களுடைய ஏளனம் இருமடங்காகிறது. கல்லூரிப் பெண்கள் கைப்பேசியில் பார்த்துக் கண்ணீர் வடிக்கும் சரக்கைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். எழுதத்தக்க விஷயம் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம். ஒரு தேசம் தன் காதற் கதைகளில் எதைத் தடையாக வைக்கிறதோ, அதுவே அத்தேசத்தின் நெஞ்சில் தைத்த முள். கொரியரின் முள் எது என்பதை, எல்லையோரத்தில் வாழும் களியக்காவிளைக்காரராகிய நாம் மற்றவர்களைக் காட்டிலும் சற்று விரைவில் உணரக்கூடும்.

அந்நியச் சரக்கு நமக்கெதற்கு என்பார்க்கு முதலில் ஒரு வார்த்தை. கொரியர் 1910 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் உழன்றவர்கள். அவ்வாட்சியின் கடைசி வருஷங்களில் அவர்களுடைய தாய்மொழி பள்ளிக்கூடங்களினின்று ஒதுக்கப்பட்டது. 1940 முதல் ஜனங்கள் தங்கள் பெயர்களையே ஜப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ளும்படி நெருக்கப்பட்டார்கள். 1942-ல் கொரிய மொழிக்கு அகராதி தொகுத்துக்கொண்டிருந்த பண்டிதர்கள் சிறை புகுந்தார்கள். அதே மொழியில் 2002-ல் எடுக்கப்பட்ட ‘விண்டர் சொனாட்டா’ என்னும் காதல் நாடகத்தை, 2003-ல் ஜப்பானின் என்.எச்.கே. ஒளிபரப்பிற்று. அதன் கதாநாயகர் ஜப்பானுக்கு வந்தபோது அவரைக் காண விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். ஆள வந்தவர்கள் அழிக்க நினைத்த பாஷையை அவர்களுடைய சந்ததியார் ஆசையோடு செவிமடுத்தார்கள். தன் வீட்டுச் சோற்றையும், தன் உறவு முறைகளையும், தன் ஊர்ப் பனியையும் வெட்கமின்றிக் காட்டிய ஒரு ஜாதியார் பெற்ற வெற்றி இது. இதனைச் சுதேசியம் என்னாமல் வேறென்ன என்பது?

நம் தேசத்துக்கும் இக்கதைகள் நேற்று வந்தவையல்ல. 2000-ம் வருஷத்தில் மணிப்பூரில் ஆயுதந்தாங்கிய கூட்டத்தார் ஹிந்திப் படங்களுக்குத் தடை விதித்தபின், அங்குள்ள வீடுகளில் கொரியப் படங்களும் நாடகங்களும் புகுந்தன. 2006-ல் தூரதர்சன் கொரியச் சரித்திர நாடகங்களைக் காட்டிற்று. தமிழிலோ, 2013-ல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியக் காதல் நாடகங்களைத் தமிழ் பேசவைத்தது. பிறகு கைப்பேசி வந்தது. கீழே ஓடும் எழுத்துக்களைப் படித்துக்கொண்டே மூல பாஷையில் பார்க்கும் பழக்கம் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது.

நாம் இவற்றைப் பார்க்க நேர்ந்தது 2020-ம் வருஷத்தில். அவ்வருஷம் மார்ச்சு 25-ந் தேதி தொற்று வியாதியின் பொருட்டுத் தேசமெங்கும் ஊரடங்கு வந்தது. குழித்துறையில் நீதிமன்ற வேலை நின்றது. களியக்காவிளைச் சந்தை ஓய்ந்தது. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே இரவும் பகலும் ஓயாது ஓடும் நெடுஞ்சாலை நம்மூரில் இரண்டாக வெட்டுண்டது. பாறசாலைப் பக்கம் போகவேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கிருந்து வரவேண்டுமானாலும் வேண்டும். உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடாகையால் அதைக் குறைகூற வரவில்லை. ஆனால் கேரளத்துப் பஸ்ஸும் தமிழ்நாட்டுப் பஸ்ஸும் அருகருகே நின்று ஆளேற்றுவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, இவ்விடத்தில் ஓர் எல்லை உண்டு என்பது அன்றுதான் முதல் முறையாக உடம்பில் உறைத்தது.

அந்த நாட்களில் நமது சகோதரியின் குமாரத்தி ஒரு கொரிய நாடகத்தைப் பார்க்கும்படி வற்புறுத்தினாள். ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். 2019 டிசம்பர் முதல் 2020 பிப்ரவரி வரை தென் கொரியாவில் பதினாறு பாகங்களாக ஒளிபரப்பாயிற்று. கதை எளிது. தென் கொரியச் செல்வர் ஒருவரின் மகள் யூன் சே ரி, பறக்கும் குடையில் ஏறி விளையாடும்போது சுழற்காற்றில் அகப்பட்டு, எல்லை கடந்து வட கொரியாவில் ஒரு மரத்தில் வந்து தொங்குகிறாள். அங்கே காவல் புரியும் ரீ ஜியோங் ஹியோக் என்னும் இராணுவக் கேப்டன் அவளைக் காண்கிறான். சட்டப்படி அவளைப் பிடித்துக் கொடுக்கவேண்டியவன், தன் வீட்டில் ஒளித்துவைத்துத் திருப்பியனுப்ப வழி தேடுகிறான். காதல் பிறக்கிறது. வேறென்ன பிறக்கும்?

இந்நாடகத்தில் நாம் மெச்சுவன மூன்று. முதலாவது, அடக்கம். பாகம் பாகமாகக் கடந்தும் நாயகனும் நாயகியும் பார்வையாலும் சிறு உபகாரங்களாலுமே பேசிக்கொள்கிறார்கள். கூட்டம் நெருக்கும் சந்தையில் வழிதவறி அவள் கலங்கி நிற்க, அவன் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றித் தலைக்குமேல் உயர்த்திப் பிடிக்கிறான். அவள் அதைக் கண்டு தேறுகிறாள். நாயகனும் நாயகியும் மழையில் ஆடிப் பாடிச் சொல்வதை அந்தச் சிறு சுடர் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, அண்டை வீட்டார். வட கொரியக் கிராமத்துப் பெண்கள் நால்வர் இக்கதையின் உயிர் எனலாம். மின்சாரம் நினைத்தபோது நின்றுவிடும் ஊர் அது. குளிர்காலத்துக்கு வேண்டிய கிம்ச்சி ஊறுகாயைச் சேர்ந்திருந்து போட்டு வைப்பார்கள், வம்பளப்பார்கள், சண்டையிடுவார்கள், ஒருத்திக்குத் துன்பமென்றால் எல்லோரும் கூடுவார்கள். நம் கிணற்றடிகளில் கண்ட முகங்களே அவை. வடக்கிலிருந்து தப்பி வந்தவர்களின் ஆலோசனையைக் கேட்டே இப்பகுதிகள் எழுதப்பட்டன.

மூன்றாவது, நாம் முதலில் சொன்ன தடை. நம்மூர்க் காதற் கதைகளில் தகப்பனார் தடை, அல்லது ஜாதி தடை. இங்கோ தேசத்தின் நடுவே போட்ட ஒரு கோடு தடை. அந்தக் கோட்டின் வரலாற்றை வாசகர்கள் அறிவது நலம். 1945 ஆகஸ்டு 10-ந் தேதி இரவு, ஜப்பான் சரணடையும் தறுவாயில், அமெரிக்க இராணுவ உத்தியோகஸ்தர் இருவர் ஒரு தேசப்படத்தைப் பார்த்து, அரை மணி நேரத்தில் 38-வது அட்சரேகையைக் கோடாகத் தெரிந்தெடுத்தார்கள். கொரியர் எவரையும் கேட்டார்களில்லை. 1950-ல் யுத்தம் மூண்டது. 1953 ஜூலை 27-ந் தேதி போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. சமாதான உடன்படிக்கை மாத்திரம் அன்று முதல் இன்றளவும் ஏற்படவில்லை. தாயகம் திரும்ப மறுத்த கைதிகளைக் காக்கும் பொறுப்பு நமது ஜெனரல் திம்மய்யா தலைமை வகித்த கமிஷனின் கீழ் நின்ற இந்தியப் படையிடம் வந்தது. வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்ற 88 பேர் 1954-ல் அப்படையோடு இந்தியாவுக்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் கொரியர். இன்று சுமார் 250 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமுமாய்க் கிடக்கிறது அந்தச் சூனியப் பிரதேசம்.

கோட்டினால் பிரிந்த குடும்பங்களின் கதை எந்த நாடகத்தையும் விஞ்சும். 1983-ல் தென் கொரிய அரசாங்கத் தொலைக்காட்சி, யுத்தத்தில் உறவினரைத் தொலைத்தவர்களைத் திரையில் நிறுத்தி, 138 நாட்களில் 453 மணி நேரத்துக்கு மேல் ஒளிபரப்பிற்று. பதினாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதனால் ஒன்றுகூடின. அவ்வொளிப்பதிவுகள் 2015-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் ஏறின. எல்லைக்கு அப்பாலுள்ள உறவினரைக் காணவேண்டித் தெற்கில் பெயர் பதிந்தவர் 1,30,000-க்கும் மேல். 2000 முதல் 2018 வரை நேரிற் சந்திக்க வாய்ப்பளித்தது 21 தடவை. பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் காணாமலே கண்மூடினர்.

இதை மனத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நாடகத்தின் குறைகளும் தெரிகின்றன. நாயகனும் நாயகியும் பல வருஷங்களுக்கு முன்பே சுவிட்சர்லாந்தில் ஒருவரையொருவர் அறியாது சந்தித்திருந்தார்களாம். தற்செயலுக்கும் ஓர் எல்லை வேண்டாமா? சொத்துக்காகத் தங்கையை வஞ்சிக்கும் அண்ணன்மாரையும், துப்பாக்கிக் காயத்தையும், ஆஸ்பத்திரிக் கட்டிலையும் கொரிய நாடகம் விடுவதாயில்லை. கோழி வறுவல் கடை விளம்பரம் கதைக்குள்ளேயே வந்து உட்காருகிறது. இவற்றையெல்லாம் மன்னிக்கலாம். மன்னிக்க இயலாதது முடிவு. காதலர் இருவரும் வருஷத்தில் இரண்டு வாரம் சுவிட்சர்லாந்தில் கூடி வாழ்கிறார்கள் என்று சுபம் போட்டுவிடுகிறார்கள். தன் பியானோ வித்தையால் ஒருவனும், கோடி கோடியான செல்வத்தால் ஒருத்தியும் மூன்றாம் தேசம் போய்ச் சேரலாம். கிம்ச்சி போட்ட அந்த நான்கு பெண்களும் எங்கே போவார்கள்?

இன்னொன்று, சட்டம் படித்தவன் கண்ணிற் படுவது. கேப்டனின் கீழுள்ள சிப்பாய் ஒருவன் தெற்கத்தி நாடகங்களைத் திருட்டுத்தனமாய்ப் பார்த்துப் பரவசப்படுகிறவன். நாம் சிரித்தோம். அந்நாடகம் முடிந்த வருஷமே, 2020 டிசம்பரில், வட கொரியா ஒரு சட்டம் செய்தது. தெற்கத்தி நாடகம் பார்த்தால் நெடுங்காலச் சிறை; பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். தெற்கும் முற்றிலும் சளைத்ததன்று. வடக்கத்தியாரை நல்லவர்களாகக் காட்டியது 1948-ம் வருஷத்துத் தேசப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று, அந்நாடகம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, தெற்கில் ஒரு சிறு கட்சியார் போலீஸில் புகார் கொடுத்தார்கள். அப்பால் இருப்பவனும் மனிதன் என்று சொன்ன குற்றத்துக்கு ஒருபுறம் சிறை, மறுபுறம் புகார்! காதல் நாடகம் அற்பம் என்பவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். அற்பத்தைக் கண்டு அரசாங்கங்கள் அஞ்சுவதில்லை.

நமது எல்லைக்கு வருவோம். 1954 ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிப் பிரயோகத்தில் நம்மவர் உயிர் நீத்தனர். 1956 நவம்பர் முதல் தேதி விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தத் தியாகத்தைச் சிறிதும் குறைத்துப் பேச நாம் ஒருப்படோம். தாய்மொழியில் நிர்வாகமும் நீதியும் கல்வியும் கேட்பது ஜன்ம பாத்தியம். ஆனால் அந்தக் கோடு நிர்வாகத்துக்காகப் போட்டதேயன்றி, நெஞ்சுக்கு நடுவே போட்டதன்று. கோட்டுக்கு அப்புறம் தமிழ் பேசுவோர் உளர். இப்புறம் மலையாளம் பேசுவோர் உளர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. 2004-ல் நெய்யாற்று இடதுகரைச் சானலில் நின்றுபோன தண்ணீருக்காகவும், கழிவுகளை ஏற்றி வந்து நம் பக்கம் கொட்டும் லாரிகளுக்காகவும் நாம் வழக்காடத்தான் வேண்டும். வழக்கு வேறு, வன்மம் வேறு. வழக்குக்கு முடிவு உண்டு.

நமது அத்தை ஒருவர் பாறசாலைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டவர். 2020-ல் அவருடைய தமையனார் இங்கே காலமானபோது, மூன்று மைல் தூரத்திலிருந்தும் அவரால் முகம் பார்க்க வரமுடியவில்லை. சீட்டு வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாளும் கழிந்திருந்தது. வழி திறந்தபின் வந்தவர், மருமக்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாடகத்தைத் தாமும் உட்கார்ந்து பார்த்தார். முதல் பாகம் முடிந்ததும் நம்மை நோக்கிச் சொன்னார்: “அவளுக்கு அக்கரை போவதற்கு ஒரு காத்து போதுமாயிருந்தது. எனக்கு மூணு மைலு வர ஒரு பாஸ் கிடைக்கல்லியே, மக்களே.”

நாம் வாயடைத்து நின்றோம். நமக்கு அது சில மாத அனுபவம். கொரியருக்கோ எழுபது வருஷத்துக்கு மேற்பட்ட வாழ்க்கை. 2024 அக்டோபரில் தெற்கோடு இணைக்கும் சாலைகளையே வட கொரியா வெடிவைத்துத் தகர்த்தது.

ஆகவே, எல்லைத் தகராறுகளில் முன்னிற்கும் நமது இளம் ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடையேறுமுன் ஒரு முறை களியக்காவிளைப் பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஒரே பையில் இரண்டு பாஷைப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு, சீட்டும் காவலும் இன்றி, ஒருத்தி தாய்வீடு போகப் பஸ் ஏறுவாள். கொரியர் கதைகளில் கனவு கண்டு அழுவது அந்தப் பஸ்ஸுக்காகத்தான். நமது உரிமைகளைக் கேட்கும்போது, அந்தப் பஸ் நிற்காதபடி கேட்போமாக.