வைத்தியர் கேட்க வேண்டிய கேள்வி

வக்கீலிடமும் வைத்தியரிடமும் உண்மையை ஒளிக்கலாகாது என்பர் பெரியோர். முதற் பாதியின் உண்மையை வக்கீல் தொழிலின் அநுபவத்தால் நாம் அறிவோம். இரண்டாம் பாதியைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிலில் காலைதோறும் நிற்கும் வரிசையைப் பாருங்கள். கண் கன்றிப்போய் வந்தவள் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லுகிறாள். கை ஒடிந்தவள் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லுகிறாள். வேறொருத்தி மாதந்தோறும் தலைவலி என்றும், தூக்கமில்லை என்றும் வருகிறாள். மருந்து கொடுக்கப்படுகிறது, உண்மையோ வந்தபடியே வீடு திரும்புகிறது. அவள் பொய் சொன்னாள் என்று குறைகூறுவது எளிது. அவளை உண்மை சொல்லும்படி கேட்டவர் யார்? அப்போது அவளருகில் நின்றிருந்தவன் யார்?

இது எங்கோ சில வீடுகளின் கதையன்று. 2019-21ஆம் வருஷங்களில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணவாழ்க்கை கண்ட 18 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 29.3 சதவிகிதத்தினர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருக்கின்றனர். தமிழ்நாட்டில் அத்தொகை 38.1 சதவிகிதம். நாகரிகத்தில் முந்தியவர்கள் நாம் என்று பெருமை பேசுவோர் இதைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும். அடிபட்ட பெண்களில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் அதை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்றும் அதே கணக்கெடுப்பு கூறுகிறது. போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்க அஞ்சும் அப்பெண்ணும், குழந்தையின் காய்ச்சலுக்காகவேனும் வைத்தியசாலைக்கு வந்தே தீருகிறாள்.

சட்டம் இல்லாமலில்லை. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவள் கோரினால் வைத்திய உதவி அளித்தே ஆக வேண்டும் என்கிறது. முன்னதாகப் புகார் எழுதப்படவில்லை என்று சொல்லி அவளைத் திருப்பியனுப்பலாகாது. வைத்திய அறிக்கையின் பிரதியை அவளுக்கு இலவசமாகக் கொடுக்கவும் விதி உண்டு. ஆயினும், கோரினால்தானே இவையெல்லாம்? வாய் திறக்க முடியாதவள் எவ்வாறு கோருவாள்? ஆகவே வைத்தியரே முந்திக் கேட்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கேட்பது பெரிய வித்தையன்று. அமெரிக்கக் குடும்ப வைத்தியர்கள் 1998இல் வகுத்த முறையில் கேள்விகள் நான்கே: துணைவன் அடிக்கிறானா, இழிவாகப் பேசுகிறானா, மிரட்டுகிறானா, கூச்சலிட்டு ஏசுகிறானா? இங்கிலாந்தில் ஹாக்னி, பிரிஸ்டல் ஆகிய இரண்டு இடங்களில் வைத்தியர்களுக்கு இதில் பயிற்சி தந்து, உதவி செய்வோரையும் இணைத்துக் கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற 24 வைத்தியசாலைகளிலிருந்து உதவிக்கு அனுப்பப்பட்டோர் 223 பேர். பயிற்சி பெறாத 24இலிருந்து 12 பேர்தாம். 2011இல் வெளியான இம்முடிவுக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

எல்லோரையும் கேட்பதா, அடையாளம் கண்டவிடத்து மட்டும் கேட்பதா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. அமெரிக்க நிபுணர் குழு பிள்ளைப்பேற்று வயதுப் பெண்கள் எல்லோரையும் கேட்கச் சொல்லுகிறது. உலக சுகாதார ஸ்தாபனம், 2013இல், காயமோ மனச்சோர்வோ ஐயம் தரும்போது கேட்டால் போதும் என்றது. ஆயினும், தனிமையும் பயிற்சியும் மேற்கொண்டு வழிகாட்டும் ஏற்பாடும் இல்லாமல் கேட்பது தகாது என்பதை யாரும் மறுக்கவில்லை. கணவன் காதில் விழும்படி கேட்ட கேள்வி அன்றிரவே அவள் முதுகில் விழும். வீடு தேடிவந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கிறது; நல்ல காரியம். ஆனால், இந்தக் கேள்விக்கு வீடு உகந்த இடமன்று. வைத்தியசாலையிலே, கதவடைத்த அறையிலே கேட்க வேண்டும். சொன்னதை அவள் சம்மதமின்றி எவரிடமும் வெளியிடலாகாது. "பொறுத்துப் போ, அம்மா" என்று உபதேசம் செய்வதைவிட வாளாவிருப்பதே மேல். 181 என்ற உதவி எண்ணையும், ஜில்லாவிலுள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் சொல்லி, போவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவளிடமே விட வேண்டும்.

இது நடவாத காரியம் என்போர் பம்பாயைப் பார்க்கட்டும். பாந்திராவிலுள்ள பாபா ஆஸ்பத்திரியில், நகரசபையின் ஆதரவில், 'திலாசா' என்னும் ஆலோசனைப் பிரிவு இந்த நூற்றாண்டின் தொடக்க முதல் இப்பணியைச் செய்துவருகிறது. அங்கே கூடுமாயின் இங்கே ஏன் கூடாது?

பொதுக்காரியங்களில் ஈடுபட்ட நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள் சென்று பாருங்கள். நோயாளி வைத்தியரோடு தனித்துப் பேசக் கதவுள்ள அறை ஒன்று அங்கே இருக்கிறதா? இல்லையெனில் அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் அதைக் கேளுங்கள். ஊர்தோறும் சுதந்திரம் பேசிய ஆடவர் நாம். ஒரு பெண் அச்சமின்றி வாய் திறக்க ஓர் அறையைக்கூடக் கேட்டு வாங்கமாட்டோமா?