கிலோ கணக்கா, குவளைக் கணக்கா?

இயற்கை வேளாண்மைக் கூட்டம் எங்கே நடந்தாலும் மதியச் சாப்பாட்டில் தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, செக்கு நல்லெண்ணெய் எல்லாம் இருக்கும். எந்த ஊர் விளைச்சல், யார் வயல் என்று பரிமாறும்போதே சொல்வார்கள். ஆனால் பதினோரு மணிக்கு டீ வரும்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பக்கத்துக் கடையில் எது மலிவோ அந்தத் தூள். "கிலோ என்ன விலை?" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. நம் அரிசியை வாங்க வருகிறவர் அந்த ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, "கடையில இதவிட சல்லிசா கிடைக்குதே" என்று நடையைக் கட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

"விவசாயிக்கு டீ எதுக்கு, சுக்குமல்லி போதாதா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. போதும்தான். ஆனால் தேயிலையும் ஒரு பயிர். நீலகிரியில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு அதை நம்பியே பிழைக்கும் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் நம் மாநிலத்துக்காரர்கள். நாம் குடிக்கத்தான் போகிறோம் என்றால், வாங்குவதை யோசித்து வாங்கலாம்.

இந்தப் பேச்சைக் கோவளத்திலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. 1722-இல் புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் அனுமதி கொடுத்துத் தொடங்கிய ஆஸ்டெண்ட் கம்பெனி, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆஸ்டெண்ட் துறைமுகத்திலிருந்து கப்பல் விட்டது. சோழமண்டலக் கரையில் அவர்கள் வைத்திருந்த வணிகத் தலம் நம்ம கோவளம்தான். இங்கே வாங்கியது துணி. லாபம் கொட்டியதோ சீனத்தின் கான்டன் துறைமுகத்தில் ஏற்றிய தேயிலையில். அதிலும் போஹி என்ற மலிவான கறுப்புத் தேயிலையைத்தான் நிறைய ஏற்றினார்கள். குறைந்த விலை, பெரிய அளவு. கள்ளத்தனமாக இங்கிலாந்துக்குள்ளும் அது போய் இறங்கியது. ஆங்கிலேய, டச்சுக் கம்பெனிகள் கொதித்துப்போய் நெருக்கியதில் 1727-இல் ஆஸ்டெண்ட் கம்பெனியின் உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. 1731-இல் உடன்படிக்கை போட்டு அடியோடு மூடினார்கள். மலிவாக நிறைய என்பது தேயிலை வியாபாரத்தில் நேற்று வந்த சங்கதி இல்லை.

இன்று கோவளம் கடைத்தெருவில் உதிரியாக விற்பது பெரும்பாலும் டஸ்ட் எனப்படும் தூள். இதன் பின்னால் ஓர் இயந்திரம் இருக்கிறது. 1930-களில் அசாமில் வந்த சி.டி.சி. முறை, கொழுந்தை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டிவிடும். குருணை குருணையாக வரும். கொதிநீர் பட்டதும் நிறமும் கட்டும் சட்டென்று இறங்கும். ஒரு கிலோவுக்கு அதிகக் குவளை கிடைக்கும். பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவிட்டாலும் தாங்கும். ஈ.சி.ஆர். ஓரத்து டீக்கடை மாஸ்டருக்கு இது இல்லாமல் முடியாது. மறுபக்கம் ஆர்த்தடாக்ஸ் என்ற பழைய முறை. இலையைக் கிழிக்காமல் உருட்டி, புளிக்கவிட்டு உலர்த்துவது. வாசனை அதில்தான் நிற்கும்.

டஸ்ட் என்றதும் குப்பை என்று நினைக்க வேண்டாம். தேயிலையின் தரப் பெயர்கள் முக்கால்வாசி துகளின் அளவைச் சொல்வன, ருசியை அல்ல. நல்ல கொழுந்தில் வந்த தூளும் உண்டு, முற்றிய இலையில் செய்த பெரிய இலைத் தேயிலையும் உண்டு. 'ஆரஞ்சு பெக்கோ' என்று பெட்டியில் போட்டிருந்தால் ஆரஞ்சுப்பழ வாசம் வரும் என்று தேடிப் பயனில்லை. அதுவும் இலையின் அளவைக் குறிக்கும் பெயர்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு குவளைக்கு 2 கிராம் தேயிலை போதும். ஒரு கிலோவில் 500 குவளை. கிலோ 300 ரூபாய்த் தூள் என்றால் குவளைக்கு 60 காசு. கிலோ 800 ரூபாய் இலை என்றால் 1 ரூபாய் 60 காசு. நல்ல முழு இலையை இரண்டாவது முறையும் வெந்நீரில் ஊறவைக்கலாம். அப்படிச் செய்தால் 80 காசுதான். அதே குவளையில் ஊற்றும் 50 மில்லி பால், லிட்டர் 50 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டரை ரூபாய் ஆகிறது. டீயில் பாலைவிட விலை குறைந்த சரக்கு தேயிலைதான். பாலுக்குப் பேரம் பேசாமல் தேயிலைக்குப் பேசுகிறோம்!

நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு இரண்டு வேளை என்றால் ஒரு நாளைக்கு 16 கிராம், மாதம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மலிவுத் தூளுக்கும் நல்ல தேயிலைக்கும் மாதம் 250 ரூபாய்க்குள்தான் வித்தியாசம். அதற்காக எல்லாரும் இலைத் தேயிலைக்கு மாறச் சொல்லவில்லை. பாலில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற வீட்டில் விலை உயர்ந்த முழு இலையைப் போடுவது வீண், வாசனை எல்லாம் ஆவியோடு போய்விடும். அங்கே சுத்தமான சி.டி.சி. தூளே சரி. நடவு நாளில் 20 பேருக்கு டீ போடும்போதும் அப்படித்தான். பாலில்லாமல் கட்டஞ்சாயாவாகக் குடிப்பவர்தான் இலைக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அளப்பதில் ஒரு சங்கடம். கரண்டிக் கணக்கு இங்கே ஏமாற்றும். தூள் கனம், முழு இலை பஞ்சு மாதிரி. ஒரு சிறு கரண்டித் தூளின் எடை, அதே கரண்டி நிறைய இலையின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு வரும். "இலைத் தேயிலையில கட்டே இல்ல" என்று சொல்கிற பலர் பாதி எடைதான் போட்டிருப்பார்கள். விதை நேர்த்திக்கு வைத்திருக்கும் சின்னத் தராசில் ஒரு தடவை எடை போட்டுப் பார்த்தால் கை தெரிந்துகொள்ளும்.

அளவு பற்றிப் பேசும்போது கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு பாடும் உண்டு. மொத்தமாக வாங்கினால் கிலோவுக்கு ஐம்பது, நூறு குறையும் என்று ஐந்து கிலோ மூட்டை வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆலையிலிருந்து வரும்போது தேயிலையில் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். அது ஆறு ஏழைத் தாண்டினால் ருசி சப்பென்று ஆகிவிடும், மேலும் ஏறினால் பூஞ்சணம். கோவளத்துக் கடல்காற்றில், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழையில், பிரித்த பொட்டலம் எத்தனை நாள் தாங்கும்? போதாததற்கு, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் வாசனையை இழுத்துக்கொள்வது தேயிலையின் குணம். மல்லிகைத் தேநீர் செய்வதே இந்தக் குணத்தை வைத்துத்தான்: பூவோடு சேர்த்து வைத்து எடுப்பார்கள். கடையில் பெருங்காயத்துக்கும் சோப்புக்கும் நடுவே, கருவாட்டுக் கூடைக்கு எதிரே திறந்து கிடக்கிற தேயிலை எதை இழுத்திருக்கும் என்று நானே சொல்ல வேண்டியதில்லை. மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில், அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள்.

புதிய கடையில் வாங்கும்போது முதலில் 50 கிராம் போதும். உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். ஒரே சீராக, கருமையாக இருக்க வேண்டும். பழுப்பு நாரும் காம்பும் கலந்திருந்தால் முற்றிய இலை சேர்ந்திருக்கிறது. இலையை விரலில் அழுத்தினால் நொறுங்க வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. ஈரமான வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூளைத் தூவினால், சாயம் ஏற்றிய தூள் உடனே நிறத்தைப் பரப்பிக் காட்டிக் கொடுத்துவிடும். குடித்த தேயிலையை உலர்த்திச் சாயமேற்றி விற்கும் கூட்டம் இன்னும் ஓயவில்லை. காந்தம் ஒன்றைத் தூளுக்குள் ஓட்டினால் இரும்புத்தூளும் தெரியும், உருளை தேயும்போது உதிர்வது அது. பிறகு பால் சேர்க்காமல் மூன்று நான்கு நிமிடம் ஊறவைத்து, வடிகட்டிய சக்கையைப் பாருங்கள். செம்புக்காசு நிறத்தில் இருந்தால் சரியாகப் புளித்த தேயிலை. கட்டியாகப் போட்ட சாயா ஆறியதும் மேகம் படர்ந்த மாதிரி கலங்கினால் பயப்பட வேண்டாம், சத்துள்ள தேயிலை என்பதற்கு அதுவே அடையாளம்.

இவ்வளவும் குடிப்பவர் பக்கம். பறிப்பவர் பக்கம் என்ன நடக்கிறது?

நாலு நாலரைக் கிலோ பசுந்தேயிலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தால் தரம் வரும், எடை வராது. கத்தரி போட்டு முற்றிய இலையும் சேர்த்து வெட்டினால் எடை வரும், தரம் போகும். சோவியத் ஒன்றியம் நீலகிரித் தேயிலையை அள்ளிக்கொண்டு போன காலத்தில் எடைக்கே மரியாதை. 1991-இல் அந்த நாடு உடைந்தது. சில ஆண்டுகளில் விலை சரிந்து, 1990-களின் கடைசியில் பசுந்தேயிலையை நடுரோட்டில் கொட்டிப் போராடும் நிலை வந்தது. இன்றும் நிலை பெரிதாக மாறவில்லை. அண்மை ஆண்டுகளில் குன்னூர் ஏலத்தின் சராசரி விலை கிலோவுக்கு நூற்றுச்சொச்சம் ரூபாய்தான். பசுந்தேயிலைக்குக் கிலோ 20 ரூபாய்கூடத் தொடாத மாதங்கள் பல. பறிகூலி போக என்ன மிஞ்சும்? நெல்லுக்கு ஈரப்பதம் பார்த்துக் கழிக்கிற கொள்முதல் நிலையத்தில் நின்றவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. நாம் மலிவுத் தூளையே கேட்கிற வரைக்கும் முற்றிய இலைக்குத்தான் சந்தை இருக்கும். கொழுந்தாகப் பறிக்கிறவருக்கு அதில் ஒரு காசு கூடுதல் கிடையாது.

இதில் நஞ்சுக் கணக்கு தனி. 2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு இந்தியக் கடைகளில் வாங்கிய 49 தேயிலை மாதிரிகளைச் சோதித்ததில் 46-இல் குறைந்தது ஒரு பூச்சிக்கொல்லியின் எச்சம் இருந்தது. சட்டம் அனுமதித்த வரம்புக்குள்தான் இருக்கிறது என்று தேயிலைத் துறை மறுத்தது. வரம்பு வாதத்தை அவர்களிடமே விட்டுவிடுவோம். செடியிலிருந்து பறித்த இலையை ஆலையில் எந்தக் கட்டத்திலும் கழுவுவதில்லை. முதல் கழுவல் நம் குவளையில்தான் நடக்கிறது, கழுவிய தண்ணீரைத்தான் குடிக்கிறோம். கீரைக்கு நஞ்சு வேண்டாம் என்கிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு.

வழி என்ன? தனி ஆளாக 250 கிராம் வாங்கினால் நல்ல தேயிலைக்கு விலை அதிகம், மொத்தமாக வாங்கினால் கடல்காற்று கெடுக்கிறது. பத்து வீடு சேர்ந்தால் இரண்டும் தீரும். திருப்போரூர், கோவளம் பக்கத்தில் ஏற்கெனவே குழுவாக விதை பகிர்கிறவர்கள், ஐந்து கிலோவை மலையிலிருந்து நேரடியாக வரவழைத்து, வந்த அன்றே ஆளுக்கு அரைக் கிலோ பிரித்துக் கட்டிவிடலாம். சிறு விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகளுக்கு 1965-இல் அமைந்த இன்ட்கோசர்வ் இணையம் இருக்கிறது. இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலை கொடுக்க அரசு தொடங்கிய டான்டீ இருக்கிறது. இயற்கை முறைக்கு மாறி, கையாலேயே உருட்டிப் பதப்படுத்தும் சிறு தோட்டக்காரர்களும் நீலகிரியில் இருக்கிறார்கள். அவர்களிடம் பறித்த மாதம், பறித்த முறை, சான்றிதழ் மூன்றையும் கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் பேரம் பேசாதீர்கள். மலையில் நெல் அதிகம் விளைவதில்லை என்பதால், தேயிலைக்குப் பதில் தூயமல்லி கொடுக்கிற பண்டமாற்றுக்கும் இடம் இருக்கிறது.

நீலகிரியில் வாசனை தூக்கலான தேயிலை வருவது பனிக்காலத்தில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. குளிரில் செடி மெதுவாக வளர்வதால் எடை குறைந்து மணம் கூடும். நம் பக்கம் சம்பா அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்குவதும் அந்தத் தை மாசியில்தான். பத்து வீட்டுப் பெயரை இப்போதே எழுதி வைத்துக்கொண்டால், பொங்கல் கழிந்ததும் சொல்லி அனுப்பிவிடலாம்.