வேப்பிலையும் வெள்ளைத் தூளும்

அரியலூர்ச் சாலையோரத்து வேப்பிலை பச்சையா, வெள்ளையா? சற்று யோசித்துத்தான் விடை சொல்ல வேண்டும்! சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் எழுப்பும் தூள் அப்படிப் படிகிறது.

ஆனால், கண்ணுக்குத் தெரியாத தூளே அதிகம் பொல்லாதது. பெருந்தூளை மூக்கே தடுத்துவிடும். மயிரிழைப் பருமனில் இருபதில் ஒரு பங்கேயான நுண்தூளோ நுரையீரலின் அடிவரை சென்றுவிடும்.

இதை அளப்பது எப்படி? எடை போட்ட வடிதாள் வழியே 24 மணி நேரம் காற்றை இழுத்து, மீண்டும் தாளை எடை போடுகிறார்கள். கூடிய எடையே தூளின் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூள் 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாதென்று 2009-இல் இந்திய அரசாங்கம் வரம்பு வகுத்தது.

சிமெண்டு தேசத்துக்கு அவசியந்தான். ஆயினும், ஆலையின் வரவு செலவோடு இந்தத் தாளின் கணக்கையும் அரியலூர், பெரம்பலூர் மக்கள் கேட்டறிய வேண்டாமா? மூச்சு விடுகிறவர்கள் அவர்களல்லவா!