ஆயாவுக்கு ஒரு அட்ரஸ் வேணும்!

சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட். காலை எட்டரை மணி. புவனகிரியிலிருந்து வந்த டவுன் பஸ், படிக்கட்டு பிதுங்க வந்து நிற்கிறது. பையும் ஹெட்போனுமாகக் காலேஜ் கூட்டம் தபதபவென்று இறங்கி ஓட, கடைசியாக ஓர் ஆயா கம்பியைப் பிடித்தபடி மெதுவாகப் படியில் கால் வைக்கிறார். 'சீக்கிரம் எறங்கு ஆயா...' என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

இந்த சீனை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு நகர்ந்தும் இருக்கிறோம். அந்த ஆயா எங்கிருந்து வருகிறார், ராத்திரி யார் வீட்டில் படுப்பார் என்று என்றைக்காவது யோசித்தோமா? 'அட போங்க பாஸ், அரியரே மூணு இருக்கு. இதுல ஆயாவைப் பத்தி வேற யோசிக்கணுமா?' என்கிறீர்களா? ஒரு பத்து நிமிஷம் கொடுங்க. இது ஆயா மேட்டர் மட்டும் இல்லை, உங்க மேட்டரும்தான்.

ஒண்ணாந்தேதி டிரங்குப் பெட்டி

படிக்கிற காலத்தில் புவனகிரியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். சிதம்பரத்தை விட வாடகை கம்மி. எதிர்வீட்டுத் திண்ணையில் மாசத்துக்குப் பத்து நாள் மட்டும் ஓர் ஆயா தென்படுவார். தறிக்குத் தார் சுற்றியே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். சொந்த வீடு பிள்ளைகள் பேருக்கு மாறி, பிறகு கைமாறியும் போய்விட்டது. அதற்கப்புறம் ஆளுக்குப் பத்து நாள் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். தேதி வந்தால் போதும், பச்சைக் கலர் டிரங்குப் பெட்டியோடு ஆயா பஸ் ஏறிவிடுவார். 31 தேதி இருக்கும் மாசத்தில் அந்த ஒரு நாள் யார் கணக்கு என்று வீட்டுக்குள் ஒரு பஞ்சாயத்து நடக்கும். சினிமா இல்லீங்க, நிஜம்!

முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போடலாமே என்று ஒருநாள் பேனாவோடு உட்கார்ந்தேன். பேருக்கு அடுத்து முகவரி. "எந்த வீட்டப் போடுவ தம்பி? எனக்குன்னு ஏது அட்ரஸு?" என்று கேட்டார் ஆயா. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். 'விசாரிச்சிட்டு வர்றேன் ஆயா' என்று ஃபாரத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தேன். செமஸ்டர் வந்தது, ரூமைக் காலி செய்தேன். அடுத்த முறை போனபோது திண்ணையில் ஆயா இல்லை, பெட்டி மட்டும்தான் இருந்தது. அந்த ஃபாரம் ரொம்ப நாள் என்னோடு இருந்தது.

இதே கடலூர் மாவட்டத்தில், அட்ரஸ் இல்லாதவர்களுக்கு அட்ரஸ் கொடுக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டது பிறகுதான்.

அலைக்கு அப்புறம் ஓர் ஊர்

2004 டிசம்பர் 26. சுனாமி. தமிழ்நாட்டில் அதிக அடி வாங்கிய மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு என்று ஆரம்பித்து கிள்ளை, எம்.ஜி.ஆர். திட்டு வரை 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

நிவாரணம் வந்தது. படகு வந்தது, வலை வந்தது, வீடு வந்தது. ஆனால், படகு ஓட்ட முடியாத வயதில் இருந்த தாத்தாக்களுக்கு? கூடையில் மீன் சுமந்து விற்ற ஆயாக்களுக்கு? குடும்பத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், குடும்பத் தலைவர் கையோடு அது நின்றுவிடும். தனியாக இருக்கும் முதியவர் எந்த லிஸ்டிலும் வரமாட்டார். மகனும் மருமகளும் அலையில் போய், பேரப்பிள்ளைகளோடு நின்ற பெரியவர்களும் உண்டு. முதியவர்கள் நிவாரணக் கணக்கில் கண்ணுக்கே தெரியாமல் போனார்கள் என்று ஹெல்ப்ஏஜ் இன்டர்நேஷனல் அமைப்பு 2005-லேயே எழுதியது.

இந்தப் பின்னணியில் பிறந்ததுதான் தாமரைக்குளம் முதியோர் கிராமம். 1978-ல் தொடங்கப்பட்ட ஹெல்ப்ஏஜ் இந்தியா என்ற தொண்டு நிறுவனம், சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் இதை அமைத்தது. சுமார் 100 பேருக்கான இடம். ஆதரவில்லாத, வசதியில்லாத முதியவர்களுக்குத்தான் முன்னுரிமை. தங்க இடம், சாப்பாடு, மருத்துவக் கவனிப்பு எல்லாம் உண்டு. காசு கிடையாது.

இதுக்கு ஏன் 'இல்லம்'னு பேர் வைக்காம 'கிராமம்'னு வெச்சாங்க? விஷயமே அதில்தான் இருக்கு. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாகக் கட்டில் போட்டு, தலைமாட்டில் நம்பர் ஒட்டுவது ஒரு வகை. சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டி, வாசல் வைத்து, தோட்டம் போட்டு, பக்கத்து வீட்டோடு பேசவும் சண்டை போடவும் விடுவது இன்னொரு வகை. தாமரைக்குளம் இரண்டாவது வகை. முடிந்தவர்கள் முடிந்த வேலையைச் செய்யலாம். வாழ்நாள் முழுக்க உழைத்த கைக்கு, 'சும்மா உக்காரு' என்பதை விடப் பெரிய தண்டனை ஏது?

லாபம் இல்லேன்னா எப்படி ஓடும்?

நல்ல கேள்வி. காமர்ஸ் பசங்க கேட்டே ஆகணும்.

முதியோர் குடியிருப்புகளில் மூன்று ரகம் இருக்கின்றன. முதலாவது, கோயம்புத்தூர் பக்கம் நிறைய முளைத்திருக்கும் 'ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டி'. வீட்டை லட்சங்கள் கொடுத்து வாங்கணும். அதற்குமேல் மாசாமாசம் பராமரிப்புக் கட்டணம். பிள்ளைகள் அமெரிக்காவில், பெற்றோர் இங்கே என்று இருக்கும் வசதியான குடும்பங்களுக்கு இது சரிப்படும். இரண்டாவது, மாசக் கட்டணம் வாங்கும் சாதாரண ஹோம்கள். மூன்றாவது, கட்டணமே வாங்காத தொண்டு இல்லங்கள்.

லாப நோக்கமற்ற அமைப்பு என்றால் பணமே வாங்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை. வசதி உள்ளவரிடம் கட்டணம் வாங்கலாம். ஆனால், மிச்சமாகும் பணத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. அது திரும்ப அந்த இல்லத்துக்கே போகணும். சிம்பிளா சொன்னா, முதலாளி என்று ஒருத்தர் கிடையாது. அதுதான் பலம். பலவீனமும் அதுதான்! நன்கொடை குறைந்தால் முதலில் அடி வாங்குவது மருந்துச் செலவும் ஆள் சம்பளமும்தான். கட்டடம் கட்டிக்கொடுக்க ஆள் வருவார்கள், பேரை கல்வெட்டில் போடலாமே. ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் போடும் பணியாளருக்குச் சம்பளம் தர அவ்வளவு சுலபமாக ஸ்பான்ஸர் கிடைப்பதில்லை.

புதுசா எதுவும் இல்லீங்க. புவனகிரியிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் வடலூர். 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. பசித்து வருபவரிடம் 'உனக்குப் பிள்ளை இல்லையா?' என்று கேட்காமல் சோறு போடுவதுதான் அங்கே வழக்கம். சென்னையில் 1978-ல் சாவித்திரி வைத்தி தொடங்கிய விச்ராந்தி, ஆதரவற்ற வயதான பெண்களுக்கு வீடு கொடுத்தது. அங்கே காலமாகும் பாட்டிகளுக்கு இறுதிக் காரியமும் இல்லமே செய்தது. 'நான் செத்தா யார் தூக்குவாங்க?' என்ற பயம்தான் பல பெரியவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதற்குப் பதில் சொல்வதும் கவனிப்பில் சேர்த்திதான்.

'ஹோம்ல விட்டுட்டாங்க'

இப்போ பட்டிமன்றத் தலைப்புக்கு வருவோம். முதியோர் இல்லம்னா கைவிடுதலா?

சினிமாவில் பார்த்தால் ஆமாம். மருமகள் கண்ணை உருட்டுவார், மகன் தலை குனிவார், வயலின் அழும். நிஜத்தில் அவ்வளவு சிம்பிளா இல்லை. டிரங்குப் பெட்டி ஆயா ஒருநாள்கூட ஹோமில் இருந்ததில்லை. மூன்று பிள்ளைகள் வீட்டில்தான் இருந்தார். அவர் கைவிடப்படவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

இன்னொரு பக்கமும் பார்க்கணும். ஹோம் என்றாலே சொர்க்கம் கிடையாது. பூட்டி வைக்கும் ஹோம்கள், பதிவே இல்லாத ஹோம்கள் எல்லாம் உண்டு. 'நாங்க பாத்துக்கிறோம்' என்று சொல்லி, அப்புறம் குடும்பத்தையே பார்க்க விடாத இடங்கள் உண்டு. ஆக, கேள்வி 'வீடா, ஹோமா?' என்பது இல்லை. 'அங்கே அவங்களுக்கு ஒரு மரியாதை இருக்கா? கதவைத் திறக்கிற உரிமை இருக்கா?' என்பதுதான் கேள்வி.

சட்டமும் இருக்கு தெரியுமா? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. கவனித்துக்கொள்வதாகச் சொல்லி சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஒரு மாவட்டத்துக்குக் குறைந்தது ஓர் இல்லம், அதில் 150 ஏழை முதியவர்களுக்கு இடம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால், அங்கே 'அமைக்கலாம்' என்றுதான் இருக்கிறது. சட்டத்தில் 'லாம்' வந்தால் என்ன ஆகும் என்பது லா காலேஜ் மக்களுக்குத் தெரியும்!

2036-ல் உங்க வயசு என்ன?

இதுதான் முதலில் சொன்ன 'உங்க மேட்டர்'. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2036-ல் இது 20 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் மதிப்பீடு. அதாவது, ஐந்து பேரில் ஒருவர்! நம் வீடுகளில் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள், ஆயுசு கூடிவிட்டது. பிள்ளைகள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று போய்விடுகிறார்கள். யாரையும் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. வேலை இருக்கும் இடத்துக்குத்தானே போக முடியும்?

இன்றைக்கு இருபது வயதில் இருக்கும் உங்களுக்கு அப்போது வயது முப்பதை ஒட்டியிருக்கும். உங்க அப்பாவும் அம்மாவும்தான் அந்த ஐந்தில் ஒருவர்.

பிரியாணி வேணாம், நேரம் வேணும்

நாம என்ன செய்யறோம்? பிறந்தநாள் வந்தால் பத்து பேர் பைக்கில் போய் கேக் வெட்டி, பிரியாணி கொடுத்து, செல்ஃபி எடுத்து, ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு வருகிறோம். தப்பில்லை. ஆனால், சுகர் இருப்பவருக்குக் கேக்கும் பல்லே இல்லாதவருக்கு லெக் பீஸும் யாருடைய சந்தோஷத்துக்கு? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று குரூப் சாப்பாடு கொண்டுவந்தால் திங்கள் முதல் சனி வரை யார் வருவார்கள்?

நெதர்லாந்தில் டெவென்டர் என்று ஓர் ஊர். அங்கே ஹியூமானிடாஸ் என்ற முதியோர் இல்லத்தில் காலேஜ் மாணவர்கள் சிலருக்கு வாடகை இல்லாமல் ரூம் கொடுக்கிறார்கள். பதிலுக்கு மாசம் 30 மணி நேரம் அங்கிருக்கும் பெரியவர்களுக்கு நல்ல அக்கம்பக்கமாக இருக்க வேண்டும். நர்ஸ் வேலை இல்லை. பேசுவது, சேர்ந்து சாப்பிடுவது, கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பது, உடம்பு சரியில்லாதபோது கூட உட்கார்வது. அவ்வளவுதான்.

அண்ணாமலை நகரிலும் புவனகிரியிலும் கடலூரிலும் ரூம் தேடி அலையும் பசங்க எத்தனை பேர்! இங்கே இது ஏன் நடக்கக் கூடாது? அதுவரைக்கும் மாசம் நாலு மணி நேரம் கொடுத்துப் பாருங்களேன். ரேஷன் கடையில் ரேகை தேய்ந்து மெஷின் ஏற்காமல் நிற்கும் பெரியவரோடு போய்ப் பேசலாம். பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று எடுக்க உதவலாம். 'ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாத தாத்தா' என்று சொல்லித் தரலாம். ஒன்றும் வேண்டாம், பழைய கதையைக் கேட்கலாம். ஒரே கதையை மூணாவது தடவை சொல்வார்கள். புதுசா கேட்கிற மாதிரி கேளுங்க. அதுதான் அங்கே டிக்கெட்.

இதையும் பாருங்க பாஸ்!

* நன்கொடை கொடுக்குமுன் அந்த இல்லம் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்க. ரசீது கேளுங்க. தயங்கினால் நீங்களும் தயங்குங்க.

* சொல்லாமல் ஒருநாள் போங்க. சமையலறையும் கழிவறையும் உண்மையைச் சொல்லும்.

* ஆதரவின்றித் தவிக்கும் முதியவரைப் பார்த்தால் முதியோர் உதவி எண் 14567. ஃப்ரீ கால்தான்.

* முதியோர் பென்ஷன் தமிழ்நாட்டில் 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. தெருவில் யாருக்காவது வரவில்லை என்றால் மனு எழுதிக் கொடுங்க. எழுதி முடிச்சிட்டு, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க. நோட்டுக்குள்ள மட்டும் வெச்சிடாதீங்க. நான் வெச்சேன்.