ஒப்பனை அறைக்குள் ஓர் எட்டு!

செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் வாங்க. நாம் நுழையப்போவது விம் எடிட்டரின் ஒப்பனை அறைக்குள்! நிரல் எழுதுவதற்காகப் பிராம் மூலனார் 1991-ல் வெளியிட்ட எடிட்டர் இது. மேடையில் நிரல்வரிகள் நீலமும் மஞ்சளுமாய் மினுக்கிக்கொண்டு நிற்கின்றனவே, அவற்றுக்கெல்லாம் பொட்டு வைத்து அனுப்புவது இங்கேதான்.

கதவு சுலபம். ஒரு முக்காற்புள்ளி, 'ஹைலைட்' என்ற சொல், ஒரு எண்டர். அடேயப்பா! நிறக்குழுக்களின் பெயர்கள் சரசரவென்று கொட்டுகின்றன. ஒரு திரையில் அடங்கவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்' என்று மூன்று எழுத்து, அந்தப் பெயருக்கான நிறத்தை உடுத்திக்கொண்டு, துணிக்கடை பொம்மை மாதிரி விறைப்பாக நிற்கிறது!

பெயர்களைப் படியுங்கள்: கமென்ட், ஸ்ட்ரிங், எரர், டூடூ. கோப்பு முடிந்தபின் கீழே சும்மா நிற்கும் அலைக்குறிகளுக்குக்கூட 'எண்ட்ஆஃப்பஃபர்' என்று தனிப் பெயர்! சிவப்பு, பச்சை என்று யாருக்கும் பெயர் வைக்கவில்லை, கவனித்தீர்களா? நாடகக் கம்பெனியில் ராஜபார்ட், கள்ளபார்ட் என்பார்களே, அதே கதை. ராஜபார்ட் இன்று எந்தப் பட்டு கட்டினாலும் ராஜபார்ட்தான்.

ஓரமாக ஒரு கூட்டம், சொந்த உடையே இல்லாமல். பைத்தான் மொழியின் கமென்ட்டைப் பாருங்கள்: 'கமென்ட்டோடு இணைப்பு' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த தம்பி! அண்ணன் சட்டை மாற்றினால் தம்பிகள் அத்தனை பேருக்கும் அந்த நொடியே புதுச் சட்டை.

இனி நிற அலமாரி. சிரிக்காமல் இருக்க முடியாது. பப்பாளி விப், பீச் பஃப், லெமன் ஷிஃபான்... பசிக்கிறதா? எக்ஸ் விண்டோ என்ற பழைய திரை அமைப்பிலிருந்து வந்த சரக்கு இது. 1989-ல் பட்டியலைப் பெருக்கியவர்கள் பெயின்ட் சாம்பிளையும் கிரேயான் பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர் பொறுக்கினார்களாம்! சாம்பல் மட்டும் 0 முதல் 100 வரை 101 படிகள். ஆங்கிலத்தில் 'கிரே'யை இரண்டு விதமாக எழுதுவார்கள் இல்லையா? சண்டை வேண்டாமென்று இரண்டு எழுத்திலும் முழுசாகப் போட்டு, 202 வரிகள்!

இந்த அலமாரிக் குழப்பம் இணைய உலாவிகளுக்கும் தொற்றிவிட்டது. அங்கே 'டார்க் கிரே' சாதாரண 'கிரே'யைவிட வெளிறியிருக்கும். பெயரை நம்பி மோசம் போகாதீர்கள்.

புறப்படும் முன் என் அசட்டுத்தனத்தையும் பார்த்துவிடுங்கள். குறிப்புக் கோப்பில் அம்மா வாங்கி வரச் சொன்ன சாமான்கள் பளிச்சென்று தெரியவேண்டும். நானே ஒரு நிறக்குழு உருவாக்கி, பச்சை நிறம் கொடுத்து, 'பச்சை' என்றே ஆங்கில எழுத்தில் பெயரும் சூட்டினேன். இரவில் கறுப்புத் திரைக்கு மாறியபோது அந்தப் பச்சை கண்ணைக் குத்தியது, ரோஸ் ஆக்கினேன். இப்போது பட்டியலில் 'பச்சை' என்ற பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் ரோஸ் பாவாடை கட்டிய பொம்மை!

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெயரை மாற்றுகிறேன்: 'அம்மாசொன்னது'. நாளைக்கு மஞ்சளாக்கினாலும் கவலையில்லை. பருப்பும் புளியும் வந்து சேர்ந்தால் போதும்.