உங்கள் வீட்டின் எடை எவ்வளவு?

யாரும் கேட்காத கேள்விதான். ஆனால், மோட்டார்ஹோமிலேயே ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் இதற்கு விடை தெரியாமல் சாலையில் இறங்க முடியாது. ஆஸ்திரேலியாவில் இப்படிப் பலர் வாழ்கிறார்கள். பழத்தோட்டத்தில் அறுவடை, சிற்றூர் மருத்துவமனையில் சில மாதத் தாதிப் பணி, மடிக்கணினியில் செய்யும் வேலை என, வேலை இருக்கும் இடத்துக்கு வீட்டையே ஓட்டிச் செல்கிறார்கள். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி வைத்திருப்பவர்கள் விடுமுறையில் மணலிலும் செம்மண்ணிலும் இறங்கிவிடுவார்கள்.

அந்நாட்டில் சாதாரண கார் உரிமம் இருந்தால், சுமையோடு சேர்த்து 4.5 டன் வரையிலான வாகனத்தை ஓட்டலாம். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 150 லிட்டர் தண்ணீர் பிடித்தால் 150 கிலோ கூடிவிடும். இருவர், ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் செலவழித்தால், அது ஏழரை நாளுக்கு வரும். குளியலைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது!

மின்சாரத்துக்கும் இதே கணக்குதான். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலத்தில் 12 × 200 = 2,400 வாட்-மணி சக்தி இருக்கும். 60 வாட் மடிக்கணினியில் எட்டு மணி நேரம் வேலை செய்தாலும் செலவு 480 வாட்-மணிதான். 800 வாட் குளிர்சாதனத்தைப் போட்டுப் பாருங்கள். மூன்று மணி நேரத்தில் மின்கலம் காலி. கூரையிலுள்ள சூரியத் தகடுகள் அதை மீண்டும் நிரப்ப வேண்டும். இன்னொரு மின்கலம் வாங்கலாமே என்கிறீர்களா? அதுவும் எடைதான்.

எடை எங்கே வேலையைக் காட்டும் தெரியுமா? மணலில். 4 டன் வண்டியின் எடை நான்கு டயர்களிலும் சமமாக இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 1,000 கிலோ. விசை சுமார் 9,800 நியூட்டன். டயரின் விறைப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், விசையைக் காற்றழுத்தத்தால் வகுக்கும்போது தரையைத் தொடும் பரப்பளவு கிடைக்கும். அழுத்தம் 400 கிலோபாஸ்கல் என்றால், அது 245 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாளில் பாதிகூட இல்லை! அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு டன் அழுத்தினால் மணல் தாங்குமா? காற்றை இறக்கி 200 கிலோபாஸ்கல் ஆக்கினால், டயர் நீளவாக்கில் படிந்து பரப்பளவு 490 ஆகும். புதையவிருந்த வண்டி மணல்மேல் மெல்ல நகரும்.

ஆனால், தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி நிரப்பியாக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடும்போது அதன் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அதில் வெப்பம் ஏறிக்கொண்டே போய், டயர் வெடித்துவிடலாம். அதனால்தான் காற்றடிக்கும் கருவியை வண்டியிலேயே வைத்திருக்கிறார்கள்.

வடமேற்கிலுள்ள கிப் ரிவர் சாலை சுமார் 660 கிலோமீட்டர் நீளம், பெரும்பகுதி மண்பாதை. இத்தகைய இடங்களில் வண்டி நின்றுவிட்டால், உதவி தேடி நடக்காதீர்கள், வண்டியை விட்டு விலகாதீர்கள் என்றுதான் அங்கே சொல்லித் தருகிறார்கள். வெயிலில் நடக்கும் மனிதரைவிட வண்டியை வானிலிருந்து கண்டுபிடிப்பது எளிது. தண்ணீரும் அதில்தான் இருக்கிறது.