அடுப்படி அளவைகள் – 9: ஒரு கப் மாவு எத்தனை கிராம்?

அமெரிக்காவில் அச்சாகும் கேக், ரொட்டிச் செய்முறைகளில் ‘ஒரு கப் மாவு’ என்று வருகிறதே, அது எத்தனை கிராம்? மாவு தயாரிக்கும் கிங் ஆர்தர் நிறுவனம் 120 என்கிறது. ‘குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் 142 என்று வைத்துக்கொள்கிறது. கப்பை நேரே மாவுப் பைக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150-கூட வரும். கப்பும் அதேதான், மாவும் அதேதான். மாவோடு எவ்வளவு காற்று சேர்ந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இந்தக் கப் கணக்கை அமெரிக்க வீடுகளில் நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் ஃபேனி ஃபார்மர், பாஸ்டன் சமையல் பள்ளியின் முதல்வர். அவர் காலத்துக்கு முந்தைய நூல்களில் முட்டை அளவு வெண்ணெய், டீ கப் நிறைய மாவு என்றெல்லாம் எழுதுவது சர்வசாதாரணம். 1896-ல் வந்த அவருடைய நூல் எல்லாவற்றையும் தலைதட்டிய கப்பாலும் ஸ்பூனாலும் அளக்கச் சொன்னது. கூடவே அளக்கும் விதத்தையும் சொன்னது: மாவை முதலில் சலிக்க வேண்டும், ஸ்பூன் ஸ்பூனாகக் கப்பில் போட வேண்டும், மேலே கத்தியால் வழித்துவிட வேண்டும், கப்பைக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் மாவு அடங்கி எடை ஏறிவிடும். அவருடைய கப் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. குலுக்காதே என்ற பாடம் அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 3 கப் மாவுக்கு 240 கிராம் தண்ணீர் ஊற்றும் ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கப்புக்கு 120 என்றால் மாவு 360 கிராம். 100 பங்கு மாவுக்குத் தண்ணீர் 67 பங்கு. கப்புக்கு 150 என்றால் மாவு 450 கிராம். தண்ணீர் 53 பங்குதான். முதல் மாவு கையில் ஒட்டும், நெகிழ்ந்து கொடுக்கும். இரண்டாவது விறைத்துப் போய் பிசையவே சிரமப்படுத்தும். செய்முறை எழுதியவர் மேல் பழி போட்டுவிட்டு நாம் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருப்போம்.

ஆகவே கிராமுக்கு மாற்றும் முன் அந்தப் புத்தகத்தின் முன்பக்கங்களைப் படியுங்கள். ஸ்பூனால் போட்டு வழிப்பவரா, கப்பால் அள்ளுபவரா என்று பெரும்பாலும் அங்கேயே சொல்லியிருப்பார்கள். முன்னவர் என்றால் 120, பின்னவர் என்றால் 140. ஒன்றும் சொல்லாவிட்டால் 125-ல் தொடங்கலாம். குறைவாகப் போட்டுவிட்டுப் பிறகு சேர்ப்பது சுலபம், போட்ட மாவைத் திரும்ப எடுக்க முடியாது.

கப்பும் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் சுமார் 237 மி.லி., ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மி.லி.; மற்ற பல நாடுகளில் 15.

சர்க்கரையில் இந்தத் தொல்லை குறைவு. எப்படி அள்ளினாலும் ஓர் அமெரிக்கக் கப் 200 கிராமை ஒட்டியே நிற்கும். வெண்ணெய் 227, தேன் 340. ஒரு கப் 240 மி.லி., அதனால் 240 கிராம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போடுகிறார்களே, அது தண்ணீருக்கும் பாலுக்கும் மட்டும்தான் சரிப்படும். மாவுக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

உப்பில் தனிக் கவனம் வேண்டும். அமெரிக்கர்கள் சமைக்கும் கோஷர் உப்பு பரும்பொடி. அதில் டயமண்ட் கிரிஸ்டல் வகை ஒரு டீஸ்பூன் சுமார் 3 கிராம்தான். நம் தூள் உப்பு அதே ஸ்பூனில் 6 கிராம். அவர்கள் சொல்லும் 2 டீஸ்பூனுக்கு நாம் ஒன்று போட்டால் போதும்.

பேக்கிங் சோடா, ஈஸ்ட் போன்றவற்றை மட்டும் ஸ்பூனிலேயே விட்டுவிடுங்கள். வீட்டுத் தராசு ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும். கால் டீஸ்பூன் சோடாவோ ஒரு கிராமைச் சற்றே தாண்டும். அங்கே தராசைவிடத் தலைதட்டிய ஸ்பூனுக்குத்தான் துல்லியம் அதிகம்.